முதல் லைவ் கான்சர்ட்: இடம், காது, கூட்டம்

ஒரே கான்சர்ட்டுக்குப் போய்விட்டு வந்த இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், ‘பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, வெறும் இரைச்சல்’ என்பார். இன்னொருவர், ‘இப்படி ஒரு சவுண்டை வாழ்நாளில் கேட்டதில்லை’ என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நின்ற இடம் வேறு, அவ்வளவுதான். முதல் கான்சர்ட்டுக்குத் தயாராகிறவர்கள் உடை, போஸ்டர், செல்ஃபி என்று எதையெதையோ யோசிப்பார்கள். எங்கே நிற்பது என்பதை மட்டும் கூட்டம் தள்ளுகிற போக்கில் விட்டுவிடுவார்கள். அதை டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

மேடைக்கு முன்னால் நிற்பது பார்க்க, கேட்க அல்ல

பெரிய நிகழ்ச்சிகளில் மேடையின் இரு பக்கமும் ஸ்பீக்கர்கள் நீளமான சரம்போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். லைன் அரே என்று பெயர். 1992இல் எல்-அக்கூஸ்டிக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் வி-டாஸ்க் என்ற அமைப்பை அறிமுகப்படுத்திய பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. அந்தச் சரம் கீழே வரவர உள்பக்கமாக வளைந்திருக்கும். மேலே உள்ள பெட்டிகள் தூரத்து வரிசைகளைப் பார்த்து நிற்கும், அடியில் உள்ளவை அருகில் இருப்பவர்களைப் பார்த்துக் குனிந்திருக்கும். ஆனால் மேடையை ஒட்டிய முதல் சில வரிசைகளுக்கு அந்த அடிப்பெட்டியின் ஒலியும் பெரும்பாலும் எட்டாது. தலைக்கு மேலே போய்விடும்.

அங்கே நிற்பவருக்குக் கேட்பது மூன்று விஷயங்கள். மேடையிலிருந்து நேரடியாக வரும் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் ஒன்று. மேடை விளிம்பில் வரிசையாக வைத்த சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து வரும் குரல் இரண்டாவது. மூன்றாவது, மேடைக்கு அடியிலோ முன்னாலோ அடுக்கியிருக்கும் சப்வூஃபர்களின், அதாவது தாழ்ந்த ஒலிக்கான (பேஸ்) பெரிய ஸ்பீக்கர்களின், அதிர்வு. விளைவு: பேஸ் நெஞ்சைக் குலுக்கும், டிரம்ஸ் காதைக் கிழிக்கும், குரல் மட்டும் மெலிந்துபோய்க் கேட்கும். பாடகரின் நெற்றி வியர்வையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடம் சரி. பாட்டைக் கேட்க வந்தவருக்கு அது மோசமான இடம். பெரும்பாலும் அதற்குத்தான் விலையும் அதிகம்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அரங்கின் நடுவாக்கில், மேடையைப் பார்த்தபடி, தடுப்பு வேலிக்குள் மிக்சர் மேசையும் கணினித் திரைகளும் வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். சவுண்ட் எஞ்சினியர் அங்கேதான் இருக்கிறார். எந்தக் கருவி எவ்வளவு கேட்க வேண்டும் என்பதையெல்லாம் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். அவருக்குச் சரியாகக் கேட்பது அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் சரியாகக் கேட்கும். எனவே அந்த வேலிக்குச் சற்று முன்னாலோ பக்கவாட்டிலோ நில்லுங்கள். நேர் பின்னால் வேண்டாம். கருவிகளும் கூரையும் மேடையை மறைக்கும். வேலிக்கு முதுகைக் கொடுத்து நிற்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பின்னாலிருந்து யாரும் தள்ள முடியாது (கூட்டம் நெருக்கத் தொடங்கினால் மட்டும் அங்கிருந்து விலகிவிடுங்கள்).

இருக்கை வரைபடத்தில் இந்த மிக்சர் மேசையைப் பெரும்பாலும் ஒரு சின்னக் கட்டமாகக் குறித்திருப்பார்கள். அதிலிருந்து மேடைக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் இருக்கும் இடங்களே முதல் தேர்வு. தவிர்க்க வேண்டியவை: மேடைக்குப் பக்கவாட்டில், ஸ்பீக்கர் சரத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் இருக்கைகள் (ஒலி மொத்தையாக, வார்த்தை தெளியாமல் வரும்), மேல்மாடியின் அடியில் ஆழமாகப் போகிற பின்வரிசைகள் (தொங்கும் ஸ்பீக்கரை மாடித் தரையே மறைத்துவிடும்), உள்ளரங்கில் பின்சுவரை ஒட்டிய வரிசை (எதிரொலி). உயரம் குறைவானவர்களுக்கு மேடை முன் சமதரையைவிடப் படிப்படியாக ஏறும் இருக்கைகளே மேல். தரையில் இருபதாவது வரிசையில் நின்று முன்னால் இருப்பவரின் பிடரியை இரண்டு மணி நேரம் பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பேஸ் விஷயத்தில் ஒரு நுட்பம். 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். சப்வூஃபர்களை மேடையின் இடதும் வலதுமாக அடுக்கியிருந்தால், நட்டநடுக் கோட்டில் இரு பக்கத்து அலைகளும் ஒரே நேரத்தில் வந்து கூடும். அங்கே பேஸ் ஓங்கி அடிக்கும். கொஞ்சம் விலகினால் ஒரு பக்கத்து அலை தாமதமாக வந்து மற்றதை அடித்துவிடும். பேஸ் கிடாரே காணாமல் போகும். ஆகவே பேஸ் தாங்க முடியாமல் இருந்தாலும், சுத்தமாக இல்லாவிட்டாலும், முன்னே பின்னே போகாதீர்கள். பக்கவாட்டில் நான்கைந்து மீட்டர் நகர்ந்து பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

மிகப் பெரிய திறந்தவெளி என்றால் தூரமும் கணக்கில் வருகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி 0.3 வினாடி பிந்தி வரும். திரையில் பாடகரின் உதடு ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம் என்று இருப்பது அதனால்தான். கருவியில் கோளாறு இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்காக மைதானத்தின் நடுவில் தனி ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி அனுப்புவார்கள். பின்னால்தான் இடம் கிடைத்தது என்றால், அந்தக் கோபுரத்தைத் தாண்டி பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் நில்லுங்கள். கோபுரத்துக்கு முன்பக்கம், அதாவது மேடைப் பக்கம், ஒட்டி நின்றால் மேடை ஒலியும் மெலிந்து, கோபுரத்தின் ஒலியும் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

இந்த வசதியெல்லாம் இல்லாத காலமும் இருந்தது. 1965 ஆகஸ்ட் 15இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. மேடையில் இருந்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அன்று போனவர்கள் அதை மறக்கவில்லை. அதற்கு சவுண்ட் காரணமல்ல என்பது வேறு விஷயம்.

டிக்கெட்

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். இப்போது பல டிக்கெட் செயலிகள் சில வினாடிக்கு ஒருமுறை மாறும் பார்கோடு தருகின்றன; அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் வாசலில் செல்லாது. வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே டவரைப் பிடித்துத் தொங்குவதால் இணையமும் படுத்துவிடும். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே செயலியில் உள்நுழைந்து டிக்கெட்டைத் திறந்து, ஃபோனின் வாலெட்டில் சேமிக்க வழி இருந்தால் சேமித்துவிடுங்கள். ‘டிக்கெட் கிடைச்சாச்சு’ என்று பார்கோடு தெரியும் படத்தை சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மாறாத பார்கோடு என்றால் அதை எடுத்து உங்களுக்கு முன்னால் யாரோ உள்ளே போய்விடுவார்கள். கைமாற்றி வாங்குவதானால் அதே டிக்கெட் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மறுவிற்பனையில் மட்டும் வாங்குங்கள்.

டிக்கெட்டில் போட்டிருப்பது கதவு திறக்கும் நேரமாகவும் இருக்கலாம். முதலில் துணைக் கலைஞர் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வாசிப்பார். பிறகு மேடையை மாற்ற இருபது முப்பது நிமிடம். அதன் பிறகுதான் நீங்கள் பார்க்க வந்தவர். இந்த மேடை மாற்றும் இடைவேளைதான் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் நல்ல நேரம் என்று எல்லோரும் நினைப்பதால் அங்கே வரிசை நீளும். துணைக் கலைஞரின் கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டில் போய்விட்டு வாருங்கள்.

காது

பலரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் விஷயம் இது. பிசிறில்லாத சுத்தமான ஒலி காதை ஏமாற்றும். பாட்டு பிடித்தமானதாக இருந்தால் இன்னும் ஏமாற்றும். சேதம் மட்டும் ரசனையைப் பார்த்து வருவதில்லை.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவுகோல் 85 டெசிபல், நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் கால் மணி. பெரிய கான்சர்ட்டில் 100ஐத் தொடுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வெளியிட்ட அளவுகோலும், 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் நடந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

தீர்வு மலிவானது: இயர்பிளக். இரண்டு வகை உண்டு. கையால் உருட்டிச் செருகும் நுரைப்பஞ்சு (ஃபோம்) வகை ஒலியை நிறைய அடைக்கும். ஆனால் உச்ச சுருதிகளை அதிகமாக அடைப்பதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல மந்தமாகும். இசைக்கலைஞர்களுக்காகச் செய்த வகையில் நடுவில் ஒரு வடிகட்டி இருக்கும்; எல்லா சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். பாட்டு அப்படியே இருக்கும், வால்யூம் மட்டும் இறங்கும். கான்சர்ட்டுக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். ஒரே ஒரு நாளுக்கு என்றால் நுரைப்பஞ்சு வகையே போதும்.

பஞ்சு வகையில் பெரும்பாலானோர் செய்யும் பிழை, அரைகுறையாகச் செருகுவது. முறை இது: கையைக் கழுவிக்கொள்ளுங்கள். பிளக்கை விரல்களுக்கு நடுவில் மடிப்பு விழாமல், மெல்லிய குச்சிபோல ஆகும்வரை உருட்டுங்கள். வலது காதுக்குச் செருகுவதானால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காது மடலை மேலேயும் பின்னாலும் இழுங்கள்; காதுக்குழாய் நேராகும். பிளக்கை உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை இருபது முப்பது வினாடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க உள்ளங்கைகளால் இரு காதுகளையும் பொத்திப் பாருங்கள். பொத்துவதற்கு முன்னும் பின்னும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சரி. நிறைய வித்தியாசம் தெரிந்தால் பிளக் வெளியே தொங்குகிறது. எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

முதல் பாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். காது பாதி மரத்த பிறகு போட்டால் எல்லாம் மந்தமாகத் தோன்றும். ‘இது சரிப்படாது’ என்று கழற்றிவிடுவீர்கள். நண்பரிடம் பேசக் கழற்ற வேண்டியதில்லை. பிளக் போட்டபடியே காதருகே சற்று உரக்கப் பேசினால் கேட்கும். சின்னக் குழந்தைகளை அழைத்துப் போவதாக இருந்தால் பிளக் வேண்டாம், தலையில் மாட்டும் காதுமூடி. அது இல்லாமல் அழைத்துப் போகவே வேண்டாம்.

ஸ்பீக்கருக்கு மிக அருகே நிற்பதில்லை என்ற ஒரு விதியை மட்டும் பிளக் இருந்தாலும் கடைப்பிடியுங்கள்.

கூட்டம்

நெரிசல் என்றாலே மிதிபட்டுச் சாவது என்று நினைக்கிறோம். பெரும்பாலான மரணங்கள் அப்படி நடப்பதில்லை. நின்ற நிலையிலேயே நாலா பக்கமும் அழுத்தப்பட்டு, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. 2021 நவம்பர் 5இல் ஹூஸ்டனில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட் நிகழ்ச்சியில் 10 பேர் இறந்தது இந்த அழுத்தத்தால்தான். 1979 டிசம்பர் 3இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு வெளியே 11 பேர் இறந்தார்கள். முதலில் வருபவருக்கு முதலிடம் என்ற டிக்கெட், திறந்தது சில கதவுகள் மட்டும், உள்ளே சத்தம் கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அளவுகோல் இது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை இருந்தால் நகரலாம், திரும்பலாம். ஐந்தைத் தாண்டினால் கவனம் தேவை. ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் தனித்தனி மனிதர்களாக நடந்துகொள்வதில்லை. திரவமாகிவிடும், ஒரு பக்கத்து அழுத்தம் அலையாக மறுபக்கம் பாயும். அங்கே எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். கைகளை உயர்த்தி முகத்தைத் தொட முடிகிறதா? நான்கு பக்கமும் ஆள் உரசுகிறார்களா? நீங்கள் அடி எடுத்து வைக்காமலே உடல் நகர்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் ஏற்கெனவே தாமதம். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்னும்போதே கிளம்பிவிடுங்கள். பாட்டு எவ்வளவு பிடித்ததானாலும்.

மாட்டிக்கொண்டால்:

கைகளை மார்புக்கு முன்னால், குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்புக்கு முன்னால் கையளவு இடைவெளி இருந்தால் மூச்சு வாங்கலாம். ஒரு காலை முன்னே வைத்து நில்லுங்கள். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காமல் அதனுடன் போங்கள். அலை ஓய்கிற இடைவெளியில் குறுக்காக, ஓரத்தை நோக்கி, இரண்டு மூன்று அடி வையுங்கள். கத்திக் காற்றை வீணாக்க வேண்டாம். கீழே விழுந்த ஃபோனைக் குனிந்து எடுக்கவே கூடாது. விழுந்துவிட்டால் உடனே எழப் பாருங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, கைகளால் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். சுவர், தடுப்பு, தூண் ஆகியவற்றை ஒட்டி நிற்காதீர்கள், அழுத்தம் போக வழியில்லாத இடங்கள் அவை. மேடைக்கு முன்தடுப்பில் இருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு: தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளரிடம் கை நீட்டினால் தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள்.

உள்ளரங்கம் என்றால் உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று, நீங்கள் வந்த வாசலைத் தவிர வேறு இரண்டு வாசல்களைப் பார்த்து வையுங்கள். 2003 பிப்ரவரி 20இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தி ஸ்டேஷன் என்ற கிளப்பில் மேடை வாணவேடிக்கை சுவரின் நுரைப்பஞ்சில் பற்றி 100 பேர் இறந்தனர். பலரும் தாங்கள் வந்த முன்வாசலையே நோக்கி ஓடினார்கள்; சுமார் ஒன்றரை நிமிடத்தில் அங்கே நெரிசலாகிவிட்டது. வேறு கதவுகள் இருந்தன.

சின்ன சின்ன உடல் தொல்லைகளும் உண்டு. மணிக்கணக்கில் முழங்காலை இறுக்கி ஆடாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும்; மேடை முன்னால் மயங்கி விழுபவர்களில் பலருக்கு இதுவும் தண்ணீர் குடிக்காததும்தான் காரணம். முழங்காலைத் தளர்த்தி, குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்குங்கள். செருப்பு வேண்டாம், விரல் மூடிய ஷூ போடுங்கள். மின்னி மின்னி அணையும் விளக்கு சிலருக்கு வலிப்பைத் தூண்டும். அசௌகரியமாக உணர்ந்தால் இரண்டு கண்களையும் மூடுவதால் பயனில்லை, இமை வழியாகவும் ஒளி போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்புங்கள்.

கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். ‘வாசல்’ என்று சொல்லாதீர்கள், நூறு வாசல் இருக்கும். எண் போட்ட கதவு, குறிப்பிட்ட கம்பம் என்று அசையாத பொருளாகச் சொல்லுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் சாதாரணக் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

ஃபோன்

ஃபிளாஷை அணைத்து வையுங்கள். அது மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. முன்னால் இருப்பவரின் தலைமுடிதான் பளிச்சென்று விழும். பாடகரின் முகம் வெள்ளைத் திட்டாக வருவதற்குக் காரணம், சுற்றி இருக்கும் இருட்டைப் பார்த்து ஃபோன் வெளிச்சத்தைக் கூட்டுவது. திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். வீடியோவில் ஒலி கரகரப்பது மைக் தாங்காததால். ஃபோனின் மைக் இருக்கும் விளிம்பை உங்கள் பக்கம் திருப்பி, விரலால் லேசாக மறைத்துப் பாருங்கள், சற்றுக் குறையும். 4கே வீடியோ (வினாடிக்கு 30 ஃபிரேம்) ஐஃபோனில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 மெகாபைட் பிடிக்கும், 1080பி என்றால் 60. கான்சர்ட்டுக்கு 1080பி தாராளம்.

எவ்வளவு எடுப்பது? 2014இல் வெளியான உளவியலாளர் லிண்டா ஹென்கலின் ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருட்களை, வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே பங்கேற்றவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். கான்சர்ட்டுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பதில் வாதிடலாம். ஆனால் முதல் கான்சர்ட்டில் ஒரு பாட்டை மட்டும் முழுதாக எடுத்துவிட்டு ஃபோனைப் பையில் போடுவது நல்ல ஒப்பந்தம். எந்தப் பாட்டு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். மற்றதை மற்றவர்கள் எடுத்திருப்பார்கள், உங்களைவிட நல்ல இடத்திலிருந்து.

முடிந்த பிறகு

கடைசிப் பாட்டு என்று சொல்லி மேடையை விட்டுப் போனாலும் அரங்க விளக்கு எரியாதவரை நிகழ்ச்சி முடியவில்லை, மீண்டும் வருவார்கள். விளக்கு எரிந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு நகர்வார்கள். இருந்த இடத்திலேயே பதினைந்து நிமிடம் இருங்கள். இதற்குள் வாசிக்கப்பட்ட பாட்டுகளின் வரிசையை ஃபோனில் குறித்துவிடுங்கள்; மறுநாள் காலையில் பாதி மறந்துபோகும், நடுவில் வந்த பாட்டுகள்தான் முதலில் போகும்.

அன்று இரவு ஹெட்ஃபோன் வேண்டாம். காதில் ரீங்காரமோ, பஞ்சு வைத்ததுபோன்ற அடைப்போ இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் அது பரவாயில்லை என்று அர்த்தமல்ல, சத்தம் உங்கள் அளவைத் தாண்டியது என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்தும் ரீங்காரம் போகாவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென மங்கிக் கேட்டால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காமல் மறுநாளே போங்கள். அதற்கான சிகிச்சை ஆரம்ப நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும்.